முப்பத்தேழு

வுப்பெர்தாலில் ரயில் ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு போகும்.
அன்றைக்குக் கடைசி வண்டி.
கோப்பை கழுவி ஊறிப்போன விரல்களோடு
ஜன்னலோரம் சாய்ந்தேன்.
முதுகில் ஏதோ உறுத்தியது.
சிவப்பு உறை, சேமிப்பு வங்கியுடையது.

ஐம்பது யூரோத் தாள்கள். முப்பத்தெட்டு.
பெட்டிக்குள் நானும் உறங்கிப்போன ஒரு பொடியனும்.
கீழே கறுப்பாய் ஆறு.
கமெரா இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன்.
கடவுளை நினைத்தது அதற்குப் பிறகு.
வரிசையை மறைக்காமல் சொல்லிவிடவேண்டும்.

கொடுக்கத்தான் போகிறேன், அது முடிவாயிற்று.
நாளைக்குக் கொடுக்கப்போகிறவனுக்கு
இன்றைக்குப் பசிக்கக்கூடாதா?
ஓபர்பார்மனில் இறங்கி
அரைக் கோழி, பொரித்த கிழங்கு, ஒரு பெட்டி சிகரெட்.
மிச்சத்தைப் பழைய கணக்கில் கழித்துக்கொண்டான்
கடைக்கார இல்கய்.
திகதி இருபத்துநாலு.
சம்பளம் வந்ததும் வைத்துவிடலாம் என்று
எனக்கு நானே வட்டியில்லாமல் கடன் கொடுத்தேன்.

அறைக்கு வந்து எண்ணெய்க் கையைத் துடைத்த பிறகுதான்
உறையைத் திருப்பினேன்.
பின்பக்கம் பென்சிலில் ஒரே ஒரு சொல்.
நடேசமூர்த்தியை எழுப்பினேன்.
ஒற்றைக் கண்ணால் படித்தான்:
"கல்லறைக்கு வைக்கிற கல்லடா. ஆருக்கு?"
பதிலுக்கு நிற்காமல் உறங்கிப்போனான்.

காலையில், கண்டெடுத்த பொருட்களின் அலுவலகம்.
படிவத்தில் 'தொகை' என்ற கட்டத்துக்குள்
ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது.
அதிகாரி எழுந்து நின்று கைகொடுத்தார்:
"உங்களைப் போன்றவர்களிலும் இப்படி ஆட்கள் இருக்கிறார்கள்!"
அந்த 'உம்' தொண்டையில் கோழி எலும்பாய் நின்றது.
கோபப்படுவதற்கு
என்னிடம் ஐம்பது யூரோ குறைவாக இருந்தது.

வியாழக்கிழமை கூப்பிட்டார்கள். அவர் வந்திருந்தார்,
வால்ட்ராவுட் லோமான், மழைக்கோட்டோடு.
எக்கெஹார்ட் இருந்திருந்தால் நன்றி சொல்லியிருப்பார் என்றார்,
பார்மன் இடுகாட்டில், பேர்ச் மரங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறாராம்.
கையுறையைக் கழற்றி, விரலை ஈரமாக்கி, எண்ணினார்.
முப்பத்தேழில் நின்றார்.
மறுபடி முதலிலிருந்து.
மறுபடி முப்பத்தேழு.
என்னைப் பார்த்தார். 
நான் அவருடைய சப்பாத்தைப் பார்த்தேன்.
"சரியாக இருக்கிறது."
சொல்லிவிட்டு ஒரு தாளை உருவி நீட்டினார், சன்மானம்.

வேண்டாமென்று கைகூப்பினேன்.
அதிகாரி உருகிப்போனார்.

சம்பளம் வந்தது. ஐம்பதைத் தனியாக மடித்தேன்.
முகவரி தரமாட்டார்களாம், சட்டமாம்.
மூன்று ஞாயிறு பேர்ச் மரங்களுக்கிடையில் அலைந்து
கல்லைக் கண்டுபிடித்தேன்.
புதியது, சாம்பல் நிறம்.
எ. லோமான்.

எழுத்துக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள் கல்வெட்டுகிறவர்கள்,
நடேசமூர்த்தி சொன்னான். அவனுக்கு எப்படித்தான் தெரியுமோ.
அவர்களுடைய எழுத்தில் அந்தப் பெயருக்கு எட்டு.
ஏழின் இடத்தில் ஒரு புள்ளி.
ஒருவேளை மனுஷன் காலமெல்லாம் அப்படித்தான் கையெழுத்து வைத்தாரோ.
ஒருவேளை கல் சிறியதோ.
கேட்கலாம். கேட்பதற்கு முன்
நான் சொல்லவேண்டும்.

எங்கள் எழுத்தில் புள்ளி தலைக்கு மேலே விழும்.
விழுந்தால் உயிர் போய்விடும்,
மெய் மட்டும் நிற்கும்.
இங்கே அது காலடியில் கிடந்தது.
குனிந்து தொட்டேன். ஒரு துவரம்பருப்பு அளவுக் குழி, 
உள்ளே மழைத்தண்ணீர்.

மடித்த தாளைக் கல்லுக்கடியில் வைக்கப் போனேன்.
வைத்தால் எவனாவது கண்டெடுப்பான்.
அவனுக்கும் பசித்திருந்தால்?